தோட்டா ஏறாத பழைய பம்ப் ரைபிள்: அறிகுறி பார்த்துப் பழுது பிடிப்பது

இலங்கை மலைநாட்டுக் கம்பளையில் மாமா வேலை பார்த்தது லைசன்ஸ் உள்ள துவக்கு (துப்பாக்கி) பழுது பார்க்கும் கடை. நான் அங்கே கைக்கு உதவியாய்ச் சேர்ந்து, பிறகு வேலையே அதுவாகிப்போனது. வருவதில் பெரும்பாலானவை ‘பன்னிரண்டு போர்’ (bore, குழல் அளவு) துவக்குகள்தான். ஆனால் எங்களை அதிக நேரம் உட்கார வைத்தது, துரைமார் காலத்துப் பங்களாக்களில் இருந்து கைமாறி வந்த .22 பம்ப் ரைபிள்கள். குழலுக்குக் கீழே நீளக் குழாய், முன்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். ஏற வேண்டும். ஏறாமல்தான் கடைக்கு வரும்.

இந்த வகையில் இங்கே அதிகம் கண்டது வின்செஸ்டர். பிரவுனிங் சகோதரர்கள் வடிவமைத்த 1890 மாடல் 1932 வரை செய்யப்பட்டது. அதன் தம்பி 1906 மாடல். பின்னால் வந்தது 62. ரெமிங்டன் 12, கோல்ட் லைட்னிங் போன்றவையும் இதே கூட்டம்தான், உள்ளே கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். கீழே சொல்வது வின்செஸ்டரை மனதில் வைத்து.

கடையில் நாங்கள் சொல்லும் பெயர்களையே இங்கும் சொல்கிறேன். தோட்டா வரிசையாய் இருப்பது மகசின் குழாய். அதற்குள் சுருள்வில்லோடு போய்வரும் பித்தளைக் குழாய், உள்குழாய். அதன் முனையில் தோட்டாவைத் தள்ளுவது தள்ளி. குழாயில் இருந்து ஒரு தோட்டாவை வாங்கி மேலே தூக்குவது தூக்கி. தோட்டா போய் உட்காரும் இடம் சேம்பர். சேம்பரைப் பின்னால் மூடுவது போல்ட். தோட்டாவின் முனையில் இருக்கும் ஈயக் குண்டு ரவை, அடித்த பின் மிஞ்சும் பித்தளைக் கூடு கோது. அந்தக் கோதை இழுத்து எடுப்பது கொக்கி. விசையை அழுத்தினால் விழுந்து அடிப்பது குதிரை.

எதையும் தொடுமுன்

இந்த ரைபிளில் தோட்டா மூன்று இடத்தில் ஒளிந்திருக்கும்: குழாயில், தூக்கியில், சேம்பரில். உள்குழாயை உருவி, துவக்கைச் சாய்த்துக் குழாயில் இருந்ததைக் கொட்டியவுடன் ‘காலி’ என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தூக்கியில் ஒன்று இருக்கும். குழலைப் பாதுகாப்பான பக்கம் வைத்து, விசையில் விரல் இல்லாமல், நாலைந்து முறை முழுதாய்ப் பம்ப் பண்ணுங்கள் (இடையில் முன்பிடி பூட்டிக்கொண்டால் அறிகுறி 1ஐப் பாருங்கள்). பிறகு டோர்ச் அடித்துப் பாருங்கள். பார்த்தபின் சுண்டுவிரலை விட்டும் தடவுங்கள். மாமா கண்ணை நம்பமாட்டார், விரலைத்தான் நம்புவார்.

விசையை அழுத்திப் பிடித்தபடி பம்ப் பண்ணினால், போல்ட் மூடியவுடனே வெடிக்கும் ரகங்கள் இந்தக் கூட்டத்தில் உண்டு. அதனால்தான் விரல் வெளியே.

சோதனைக்கு உயிர்த் தோட்டா வேண்டாம். மருந்தே போடாமல் செய்த மாதிரித் தோட்டாவைப் பழுது பார்ப்பவரிடம் கேட்டு வாங்குங்கள். ரவையைப் பிடுங்கி மருந்தைக் கொட்டிவிட்டு ‘மாதிரி’ செய்து கொள்ளாதீர்கள். .22க்குத் தனி கேப் கிடையாது, தீப்பற்றும் மருந்து கோதின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. கொட்டிய பிறகும் அது அங்கேதான் இருக்கும்.

அறிகுறி 1: முன்பிடி பின்னால் வரவே மாட்டேன் என்கிறது

முதலில் குதிரையைப் பாருங்கள். குதிரை ஏறி நிற்கும்போது முன்பிடி பூட்டிக் கொள்வது இந்த ரைபிள்களின் இயல்பு. பழுதென்று கொண்டுவந்து, கடை வாங்கில் பார்த்தால் பூட்டுத்தான் என்று சிரித்து அனுப்பியது எத்தனையோ. பூட்டை விடுவிக்கும் விதம் மாடலுக்கு மாடல் மாறும். தெரியாவிட்டால் கேளுங்கள், பிடங்கை (தோளில் வைக்கும் பின்கட்டையை) நிலத்தில் குத்தி இழுக்காதீர்கள். அப்படிக் குத்தித்தான் முன்பிடியையும் போல்ட்டையும் சேர்க்கும் இரும்புக் கம்பி வளைகிறது.

குதிரை இறங்கியிருந்தும் வரவில்லையா? முன்பிடியில் உள்ள இரண்டு திருகாணியும் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். தளர்ந்தால் மரம் மட்டும் நகரும், கம்பி நகராது. அடுத்தது, காய்ந்து பசையான எண்ணெய். அதுவும் இல்லை என்றால் அடித்த கோது சேம்பரில் ஒட்டியிருக்கலாம். அதற்கு அறிகுறி 6.

உள்ளே இருப்பது உயிர்த் தோட்டா என்று சந்தேகம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தத் துவக்கை பஸ்ஸிலோ ஆட்டோவிலோ தூக்கிக்கொண்டு புறப்பட வேண்டாம். குழலைப் பாதுகாப்பான பக்கம் வைத்து, அறையைப் பூட்டிவிட்டுப் பழுது பார்ப்பவரை வரவழையுங்கள்.

அறிகுறி 2: பம்ப் நன்றாக ஓடுகிறது, ஆனால் தூக்கிக்குத் தோட்டா வரவில்லை

இதுதான் மலைநாட்டின் சொந்த வியாதி. ஒருமுறை நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து ஒரு பெரியவர் 1906 ரைபிளோடு வந்தார். குழாயில் மாதிரித் தோட்டா போட்டு ஓட்டினோம். ஒன்றும் குறையில்லை, பத்தும் வரிசையாய் ஏறியது. கொண்டு போனார். அடுத்த கிழமை திரும்பி வந்தார். மறுபடியும் கடையில் நன்றாக ஓடியது. மூன்றாம் முறை வந்தபோது மனிதருக்குக் கோபமே வந்துவிட்டது.

“என்னங்க தம்பி, இங்க வந்தா ஓடுது, மேல போனா மக்கர் பண்ணுது. என்னை ஏமாத்துறீங்களா, இல்ல இதுதான் ஏமாத்துதா?”

மாமா பதில் சொல்லவில்லை. உள்குழாயை உருவி மூக்கருகே வைத்து முகர்ந்தார். “ஐயா, இதுக்கு என்ன எண்ணெய் போடுறீங்க?”

“வேற என்ன, தேங்காயெண்ணெய்தான். எங்க அப்பா காலத்துல இருந்து அதுதான்.”

தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். தை மாதத்தில் சமையல்கட்டுப் போத்தலில் எண்ணெய் வெள்ளை மெழுகாய் நிற்பதை அங்கே எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதே மெழுகுதான் உள்குழாய்க்குள்ளும். ரம்பொடை வளைவுகளில் இறங்கிப் புசல்லாவை தாண்டிக் கம்பளைச் சூட்டுக்கு வருவதற்குள் அது உருகிவிடும், தள்ளி வழுக்கிக்கொண்டு ஓடும். நாங்கள் மூன்று முறையும் சுகமான துவக்கைத்தான் பரிசோதித்துக் கொண்டிருந்தோம்.

அதனால் வரிசை இப்படி:

முதலில், உள்குழாய் முழுதாய் இறங்கித் திருகிப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அரைவிரல் அளவு மேலே நின்றாலும் சுருள்வில்லுக்கு அழுத்தம் போதாது. சிலசமயம் பம்ப் பண்ணும் அதிர்ச்சியில் தானாய் ஏறிவிடும். தலையில் உள்ள சிறு பூட்டு ஊசி தேய்ந்திருந்தால் அடிக்கடி இப்படி நடக்கும்.

அடுத்து, உள்குழாயை வெளியே உருவி, முனையில் தெரியும் தள்ளியைச் சுத்தமான மூங்கில் குச்சியால் உள்ளே அழுத்தி விடுங்கள். துள்ளி வெளியே வர வேண்டும். சோம்பல் முறித்துக்கொண்டு வந்தால் எண்ணெய். பாதியில் நின்றால் நெளிவோ துருவோ. இந்தச் சோதனையை அதிகாலைக் குளிரில் செய்யுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு வெயிலில் வைத்துச் செய்தால் நாங்கள் ஏமாந்தது போல ஏமாறுவீர்கள்.

எண்ணெய்தான் என்றால், வெளியே காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கும் விளக்குக்கும் தூரமாய், உள்குழாயை மண்ணெண்ணெயில் அலசுங்கள். வெளிக்குழாய்க்குள் மண்ணெண்ணெய் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றிவிட்டு இழுங்கள். வெளியே வரும் துணியில் பழுப்பு நிறக் கூழ் இருக்கும், சிலதில் பூச்சிக் கூடுகூட வரும். துணி வெள்ளையாய் வரும்வரை மாற்றி மாற்றி இழுத்து, ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். பிறகு குழாய்க்குள் எண்ணெயே வேண்டாம். உலர்ந்த குழாயில்தான் தோட்டா நன்றாக ஓடும். எண்ணெய் தோட்டாவுக்குள் கசிந்தால் அது வெடிக்காமல் போவதும் உண்டு. வெளியில் துரு பிடிக்காமல் இருக்கத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளியைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும்.

மூன்றாவது, நெளிவு. குழாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துச் சுற்றிப் பாருங்கள், விரல் நகத்தால் நீளத்துக்கு வருடுங்கள். நகம் தடுக்கும் இடத்தில்தான் தோட்டாவும் தடுக்கும். பித்தளை உள்குழாய் நெளிந்திருந்தால் நீங்கள் தட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். அளவான உருளையை உள்ளே விட்டுத்தான் நிமிர்த்த வேண்டும், அது கடை வேலை.

நான்காவது, சுருள்வில். நூறு வருடம் அழுத்தத்திலேயே இருந்த வில் தளர்ந்திருக்கும். கடைசி இரண்டு மூன்று தோட்டா மட்டும் வராமல் நின்றால், வில்தான் காரணம் என்று அநேகமாய்ச் சொல்லிவிடலாம். இழுத்து நீட்டிப் போடுவது இரண்டு நாள் வைத்தியம். புதிய வில் போடுவதே சரி.

அறிகுறி 3: தூக்கி பாதியில் நிற்கிறது, அல்லது இரண்டு தோட்டா ஒன்றாய் நுழைகிறது

தோட்டாப் பெட்டியை எடுத்துப் பாருங்கள், துவக்கை அல்ல. .22 என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்று என்ற நினைப்புதான் இங்கே பெரிய எதிரி. ஷார்ட் ஏறத்தாழ 17.7 மில்லிமீட்டர் நீளம், லாங் ரைபிள் 25.4. 1890 மாடல் ஒவ்வொன்றும் ஒரே ஒரு நீளத்துக்குச் செய்தது. குழலின் மேல்பக்கம் எந்தத் தோட்டா என்று பொறித்திருக்கும். ஷார்ட்டுக்குச் செய்த தூக்கியில் லாங் ரைபிளைப் போட்டால் வால் வெளியே நிற்கும், தூக்கி எழும்பாது. லாங் ரைபிளுக்குச் செய்ததில் ஷார்ட்டைப் போட்டால் மிச்ச இடத்தில் அடுத்த தோட்டாவும் தலையை நுழைக்கும், அத்தோடு எல்லாம் பூட்டு. ஷார்ட், லாங், லாங் ரைபிள் என்ற மூன்று நீளத்தையும் மாற்றி மாற்றி ஏற்பது 1906 மாடலில் 1908க்குப் பிறகு வந்த ரகமும், அதன் பின்னால் வந்த 62உம்.

பொறிப்பு தேய்ந்து படிக்க முடியாவிட்டால் சோப்புக்கட்டி வெள்ளையைத் தேய்த்துத் துடையுங்கள், எழுத்து வெளுத்துத் தெரியும். டபிள்யூ.ஆர்.எஃப். என்று இருந்தால் அது வேறே தோட்டா, கோதே பருமன். அந்தச் சேம்பரில் சாதாரண லாங் ரைபிள் தொளதொளவென்று நுழையும்; சுட்டால் கோது பிளந்து வாயு பின்னால் வரும். ஏறுகிறதே என்று சுட வேண்டாம்.

தோட்டா சரியானதாக இருந்தும் இரண்டு நுழைந்தால், இரண்டாவதைத் தடுத்து நிறுத்தும் சிறு நாக்கு தேய்ந்திருக்கும் அல்லது அதன் வில் உடைந்திருக்கும். தூக்கி சோர்வாய் எழும்பினால் பக்கச் சுவர்களில் படிந்த ஈயமும் மெழுகும்தான் முதல் குற்றவாளி. பல் துலக்கும் பழைய பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் போதும். சுத்தம் பண்ணியும் மாறாவிட்டால் கடைக்கு. உள்ளே உள்ள சிறு திருகாணிகளின் தலைப்பள்ளம் ஒடுக்கமானது, சாதாரண ஸ்குரூ டிரைவர் அதைப் பிய்த்துவிடும். பிய்ந்த திருகாணியோடு வரும் துவக்குக்கு வேலை இரண்டு மடங்கு.

அறிகுறி 4: தோட்டா மேலே வருகிறது, ஆனால் சேம்பர் வாயில் மூக்கை இடித்துக்கொள்கிறது

இதில் பாதி, துவக்கின் குற்றமே அல்ல, கையின் குற்றம். பழைய எஜமானர் சுறுக்கென்று இழுத்து அடிப்பார், ஓடும். மகன் பயந்து பயந்து மெதுவாய் இழுப்பார், முழு நீளம் வராது. அரை இழுப்பில் தூக்கி முழு உயரம் ஏறாது, மூக்கு இடிக்கும். முன்பிடியைக் கடைசிவரை இழுத்து, நிற்காமல் கடைசிவரை தள்ளுங்கள். மாதிரித் தோட்டாவோடு இருபது முறை பழகிப் பாருங்கள். கடையில் நான் முதலில் கேட்பதே “ஐயா, நீங்களே ஒருதரம் பம்ப் பண்ணிக் காட்டுங்க” என்றுதான். துவக்கைக் கையில் வாங்குவதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிடும்.

பிறகு தோட்டாவைப் பாருங்கள். ஈய மூக்கு நசுங்கியதா, கோதில் பச்சை பூத்திருக்கிறதா, ரவை கோதில் ஆடுகிறதா? பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரியில் வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள், ஆனால் பனி மூட்டம் டின்னுக்குள்ளும் போகும். ஆடும் ரவையை அடியோடு விலக்குங்கள். அப்படி விலக்கியதைக் குப்பையிலோ அடுப்பிலோ போடாமல் பொலிஸில் ஒப்படையுங்கள்.

இரண்டும் சரி என்றால் டோர்ச்சை எடுத்துச் சேம்பர் வாயைக் கவனியுங்கள். பன்னிரண்டு மணி இடத்தில், அல்லது விளிம்பில் எங்காவது, நகத்தால் தொட்டால் தடுக்கும் சிறு பிதுக்கம் இருக்கிறதா? இது வெறும் துவக்கை வைத்து ‘டக் டக்’ என்று விசை தட்டி விளையாடியதன் வடு. .22இல் அடிக்கும் ஊசி விளிம்பில்தான் விழும். தோட்டா இல்லாவிட்டால் சேம்பர் விளிம்பிலேயே விழுந்து இரும்பை உள்ளே பிதுக்கும். வீட்டுப் பிள்ளைகள் இருபது வருடம் விளையாடிய துவக்கில் இந்த வடு ஆழமாய் இருக்கும்.

இங்கேதான் எல்லோருக்கும் அரம் எடுக்கக் கை அரிக்கும். எடுக்காதீர்கள். அரம் போட்டால் போன இரும்பு திரும்பாது, பிறகு கோதின் விளிம்புக்கு ஆதாரமே இருக்காது. விவரம் தெரிந்தவர் அதற்கென்று உள்ள ஊசியால் பிதுங்கிய இரும்பை வந்த இடத்துக்கே அழுத்தி அனுப்புவார். இதற்குக் கட்டாயம் கடைதான்.

அறிகுறி 5: தோட்டா உள்ளே போகிறது, போல்ட் முழுதாய் மூடவில்லை

கையால் அறைந்து மூடாதீர்கள். விளிம்பில் மருந்து இருப்பதை மேலே சொன்னேன். பாதி மூடிய நிலையில் விளிம்பு நசுங்கினால் அது உங்கள் முகத்துக்கு நேரே வெடிக்கும்.

காரணம் பெரும்பாலும் அழுக்கு வளையம். லாங் ரைபிள் சேம்பரில் நெடுங்காலம் ஷார்ட் சுட்டால், ஷார்ட் கோது முடியும் இடத்தில் கரியும் ஈயமும் வளையமாய்ப் படியும். பிறகு நீளக் கோது அந்த வளையத்தில் முட்டி நிற்கும். காலி துவக்கில், .22 அளவு வெண்கலப் பிரஷ்ஷைச் சேம்பர்வரை விட்டு, துப்புரவுத் திரவத்தோடு கையால் திருகித் திருகி எடுங்கள். குழல் வாய்ப் பக்கத்தில் இருந்து கம்பி விடும்போது அது வாயின் உள் ஓரத்தை உரசாமல் விரலால் நடுவில் பிடித்துக் கொள்ளுங்கள். அந்த ஓரம் தேய்ந்தால் குறி போய்விடும். துணி கருப்பாய் வருவது நின்ற பிறகு மாதிரித் தோட்டா போட்டுப் பாருங்கள்.

அழுக்கே இல்லாமல் மூடவில்லை என்றால் போல்ட் பூட்டும் தோள் தேய்வாக இருக்கலாம். நேராகக் கடைக்கு. அந்த ரைபிளில் அதற்குள் ஒரு வெடிகூட வேண்டாம்.

அறிகுறி 6: அடித்த கோது வெளியே வராமல், அடுத்தது அதன் முதுகில் இடிக்கிறது

கொக்கியின் நகத்துக்கு அடியில் உள்ள பள்ளத்தைத் தீக்குச்சி நுனியால் சுரண்டிப் பாருங்கள். கெட்டியான கரி வந்தால் அதுதான். கொக்கியை விரலால் ஒதுக்கிவிட்டால் துள்ளி மூட வேண்டும், சோர்ந்தால் வில் போயிற்று. நகம் மழுங்கியிருந்தால் கொக்கியையே மாற்ற வேண்டும். சேம்பர் வடு இங்கேயும் கோதைப் பிடித்து வைக்கும்.

தோட்டா வகையையும் கவனியுங்கள். அதிவேகம் என்று பெட்டியில் போட்ட புது ரகங்கள், இந்த வயதுத் துவக்குகளுக்குச் செய்தவை அல்ல. கோது வீங்கி ஒட்டும், பூட்டும் தோளும் சீக்கிரம் தேயும். சாதாரண வேகத் தோட்டாவே போதும். காட்டுப்பன்றிக்கு இதைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள்தான் வேகம் தேடுகிறார்கள். .22 பன்றியை லேசில் கொல்லாது, காயப்படுத்தி ஆத்திரமூட்டும். பிறகு மறுநாள் காலை கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள்தான் அதன் எதிரில் நிற்பார்கள்.

கடைக்குக் கொண்டுபோகும் போது

வெடித்த குழல், பிளந்த கோது, விசை தொடாமல் வெடித்தது, போல்ட் ஆட்டம், சேம்பர் வடு, உடைந்த வில். இதில் ஒன்று கண்டாலும் வீட்டு வேலை முடிந்தது. வீட்டில் செய்யக்கூடியது சுத்தமும் சோதனையும் மட்டும். உறுப்பு மாற்றுவது லைசன்ஸ் உள்ள பழுது பார்ப்பவரின் வேலை. 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் இருக்கிறது. துவக்கு லைசன்ஸ் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது, அந்தப் பத்திரம் துவக்கோடேயே பயணம் செய்ய வேண்டும். அப்பா இறந்த பின் பரணில் கிடைத்த துவக்கு என்றால், பழுது பார்ப்பவரிடம் அல்ல, முதலில் பொலிஸுக்குப் போய்ச் சொல்லுங்கள்.

கொண்டு வருகிறவர்களிடம் நான் கேட்பது மூன்று சங்கதி: எந்த அறிகுறி, எந்தத் தோட்டா, எத்தனை மணிக்கு நடந்தது. மூன்றாவதைக் கேட்டால் சிரிப்பார்கள். அந்தப் பெரியவர் முதல் முறையே ‘விடியக்காலை’ என்று சொல்லியிருந்தால் இரண்டு பஸ் பயணம் மிச்சமாகியிருக்கும்.